கடலடியில் அறுந்த கயிறு

காட்சில்லா என்றவுடன் நம் பிள்ளைகளின் மனக்கண்ணில் எழுவது, கட்டடங்களை மிதித்துத் தள்ளி வாயிலிருந்து அனலைக் கக்கும் ஒரு வேடிக்கைப் பூதம். பொம்மைக் கடைகளும் தொலைக்காட்சியும் அதை அவ்வாறே அவர்களுக்கு அறிமுகம் செய்து வைத்துள்ளன. ஆனால் 1954-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் ஜப்பானில் வெளியான முதற்படத்தில் வேடிக்கை ஏதுமில்லை. தோஹோ நிறுவனம் தயாரிக்க, இஷிரோ ஹோண்டா இயக்கிய 'கோஜிரா' என்னும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒரு துக்க வீட்டின் கனத்தோடு நகர்கிறது. அதன் இறுதியில் விலங்கும் மடிகிறது. அதைக் கொன்ற மனிதரும் மடிகிறார். விலங்கின் சாவு எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. மனிதரின் சாவுதான் பார்ப்பவர் மனத்தில் முள்ளாய்த் தைக்கிறது. செரிசாவா என்னும் அந்த விஞ்ஞானி மேலே ஏறி வந்திருக்கக் கூடியவர். தம்மைக் கப்பலோடு இணைத்திருந்த கயிற்றைத் தாமே அறுத்துக்கொண்டு கடலடியில் தங்கிவிடுகிறார்.

சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் பங்கின் இளையோர் சிலரோடு அமர்ந்து இப்படத்தைப் பார்த்தேன். விளக்குகள் எரிந்தபின் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓர் இளைஞர் எழுந்து, "ஐயா, அவர் செய்தது தற்கொலைதானே? அது சாவான பாவம் என்றுதானே மறைக்கல்வியில் படித்தோம்?" என்று கேட்டார். அவருக்கு அடுத்திருந்த பெண், "ஊரைக் காப்பாற்றி உயிர்விட்டவரைப் பாவி என்பதா? நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பது பற்றி ஆண்டவர் சொன்னதை மறந்துவிட்டாயா?" என்று மடக்கினார். இருவரும் என் முகத்தைப் பார்த்தனர். "இது கதைதானே; கதைமாந்தருக்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை" என்று சொல்லி நான் நழுவிக்கொண்டேன். அந்த நழுவல் இன்றும் என்னை உறுத்துகிறது. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது எண்ணிப் பார்க்க முயல்கிறேன்.

முதலில், அது வெறும் கதையன்று. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலின் பிகினி பவழத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிமை. அதை உருவாக்கியவர்களே எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். அவ்வேளையில், தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மீது வெண்சாம்பல் மழைபோல் விழுந்தது. படகின் பெயர் 'அதிர்ஷ்ட டிராகன்' என்று பொருள்படும். அதிலிருந்த 23 பேரும் கதிரியக்க நோய்க்கு ஆளாயினர். வானொலி இயக்குநரான ஐக்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். படம் திரைக்கு வந்தபோது அவர் இறந்து ஆறு வாரங்கள்கூட நிறைவுறவில்லை. படத்தின் தொடக்கத்தில், ஒரு கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகள் இசை மீட்டி இளைப்பாறும்போது கடல் திடீரென ஒளிர்ந்து கொதிக்கிறது. கப்பல் தீப்பற்றி மூழ்குகிறது. அக்காட்சியின் பொருளை ஜப்பானிய மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இயக்குநர் ஹோண்டாவும் சீனப் போர்க்களத்திலிருந்து 1946-இல் நாடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்டவரே.

கதைப்படி கோஜிரா கடலாழத்தில் வாழ்ந்திருந்த ஒரு தொல்விலங்கு. குண்டுச் சோதனை அதன் இருப்பிடத்தைக் குலைத்து, அதன் உடலையே நஞ்சாக்கி, மேலே துரத்திவிட்டது. எனவே கொல்லவரும் அவ்விலங்கே முதலில் குண்டடி பட்ட உயிராகவும் இருக்கிறது. தொல்லுயிரியல் பேராசிரியர் யமானே மட்டும் அதைக் கொல்ல வேண்டாம் என்கிறார். அத்தனை கதிரியக்கத்தையும் தாங்கி அது எவ்வாறு உயிர்வாழ்கிறது என்று ஆராய வேண்டும் என்பது அவர் ஆவல். (ஜுராசிக் காலம் இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது என அவர் பாராளுமன்றத்தில் முழங்குகையில் பள்ளி மாணவரும் நகைப்பர். கணக்கில் பதினான்கு கோடி ஆண்டுகளுக்கு மேல் தொலைந்து போயிற்று! தாகாஷி ஷிமுராவின் துயரந்தோய்ந்த முகத்தைக் காணும்போது அப்பிழையை மன்னித்துவிடத் தோன்றுகிறது.)

அப்பாராளுமன்றக் காட்சி நம் கேள்விக்கு ஒரு வாயிலைத் திறக்கிறது. விலங்கின் தோற்றத்துக்கும் ஹைட்ரஜன் குண்டுக்கும் உள்ள தொடர்பை வெளியிடக்கூடாது, வெளியிட்டால் அயலுறவு கெடும், மக்கள் பீதியடைவர் என்கிறார் ஓர் ஆண் உறுப்பினர். பெண் உறுப்பினர்கள் எழுந்து, உண்மையை மறைப்பதாவது என்று கூச்சலிடுகின்றனர். அவை அமளியில் முடிகிறது. அபாயமான ஓர் அறிவை யார் வைத்திருப்பது, யாருக்குச் சொல்வது, யாருக்கு மறைப்பது? படம் முழுவதும் இக்கேள்வியே வெவ்வேறு உருவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

செரிசாவா அக்கேள்வியைத் தனிமையில் சுமப்பவர். போரில் ஒரு கண்ணை இழந்தவர்; கண்மூடியணிந்து, நிலவறை ஆய்வுக்கூடத்தில் அடைபட்டுக் கிடப்பவர். பிராணவாயுவை ஆராயப் புகுந்தவர், நீரிலுள்ள பிராணவாயுவைச் சிதைத்து உயிர்கள் அனைத்தையும் கரைத்துவிடும் ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிடுகிறார். அதைத் தமக்கு மணம் பேசப்பட்ட எமிகோவுக்கு மட்டும் காட்டுகிறார். தொட்டியில் நீந்திய மீன்கள் நொடியில் எலும்பாகி, எலும்பும் மறைகின்றன. இதை எவரிடமும் சொல்வதில்லை என்று அவளிடம் வாக்குப் பெறுகிறார். மானிடர்க்குப் பயன்படும் ஒரு வழியைக் கண்டபின்னரே உலகுக்கு அறிவிப்பது என்பது அவர் எண்ணம். அவ்வழி புலப்படவில்லை. அதற்குள் கோஜிரா தோக்கியோவுக்குள் நுழைந்துவிடுகிறது.

நகரம் எரிவதைப் படம் அவசரமின்றிக் காட்டுகிறது. ஒரு தாய் தெருவோரத்தில் தன் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, சிறிது நேரத்தில் அப்பாவிடம் போய்விடலாம் என்று அவர்களைத் தேற்றுகிறாள். கணவன் போரில் மாண்டவன் என்பது சொல்லாமலே விளங்கும். மறுநாள் மருத்துவமனையில் ஒரு மருத்துவர் கதிரியக்கம் அளக்கும் கருவியை ஒரு சிறுமியின் அருகே நீட்டுகிறார், கருவி ஒலிக்கிறது, அவர் தலையை மட்டும் அசைக்கிறார். இவற்றைக் கண்ட எமிகோ தன் வாக்கை மீறுகிறாள். தான் நேசிக்கும் ஒகாட்டாவிடம் செரிசாவாவின் இரகசியத்தைச் சொல்லிவிடுகிறாள்.

அவள் செய்தது துரோகமா? புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் இதை ஆய்கிறார். நம்பிக் கூறப்பட்ட இரகசியத்தைக் காப்பது நம் கடமை. ஆயினும் சமூகத்துக்குப் பெருங்கேடு வருமிடத்தில், வாய்மூடி இருப்பதாக அளித்த வாக்கு நம்மைக் கட்டாது என்பது அவர் கருத்து. ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை இதற்குள் அடங்காது, அது இறைவனுக்குரியது. எமிகோவின் இரகசியம் மனிதருக்குரியது. அவள் அழுதுகொண்டே சொல்கிறாள், சொல்லியது சரியே.

ஒகாட்டாவும் எமிகோவும் செரிசாவாவிடம் சென்று மன்றாடுகின்றனர். அவர் மறுக்கிறார். கைகலப்பில் ஒகாட்டாவின் தலையில் குருதி வழிகிறது. அக்குருதியைத் துடைத்தவாறே செரிசாவா தம் அச்சத்தை வெளியிடுகிறார். ஒருமுறை இக்கருவியைப் பயன்படுத்திவிட்டால் உலகத்து அரசியலாளர் வாளாவிருக்க மாட்டார்கள், இதையும் ஆயுதமாக்குவார்கள். ஏடுகளை எரித்துவிடலாம், ஆனால் தலைக்குள் இருப்பதை எப்படி எரிப்பது? தாம் உயிரோடிருக்கும்வரை, வற்புறுத்தலுக்கு ஆளாகி மீண்டும் இதைச் செய்துகொடுக்க மாட்டோம் என்பதற்கு என்ன உறுதி? அச்சமயம் தொலைக்காட்சியில், இறந்தோர்க்காகப் பள்ளி மாணவியர் அணிவகுத்துப் பாடும் அமைதி வேண்டல் ஒலிக்கிறது. அவர் கேட்டுக்கொண்டே நிற்கிறார். பிறகு எழுந்து தம் ஆய்வேடுகளை ஒவ்வொன்றாகத் தீயிலிடுகிறார். அவர் என்ன முடிவு செய்துவிட்டார் என்பது எமிகோவுக்கு அப்போதே விளங்கிவிடுகிறது, அவள் விம்முகிறாள்.

ஊர் காக்க உயிர் விடுவது நம் விவிலியத்துக்குப் புதிதன்று. மக்கபேயர் முதல் நூலில் எலயாசர் என்னும் வீரரைப் பற்றிப் படிக்கிறோம். மன்னனைச் சுமந்து வருவதாக அவர் எண்ணிய மாபெரும் யானையின் அடியில் புகுந்து, அதன் வயிற்றில் குத்திக் கொன்று, அதன் உடல் தம்மேல் விழ நசுங்கி இறந்தவர் அவர். பெருவிலங்கும் மனிதரும் ஒன்றாக மடிந்த அந்நிகழ்ச்சியைத் திருச்சபைத் தந்தையர் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. புனித அம்புரோசியார் அவரது துணிவைப் போற்றுகிறார். புனித பெரிய கிரகோரியாரோ, தாம் வென்ற பகையின் அடியிலேயே வீழ்ந்த அவரைத் தம் வெற்றியால் செருக்குற்று அழிவோருக்கு உவமையாக்குகிறார். இன்னொருவர் சிம்சோன், தூண்களைச் சாய்த்துப் பகைவரோடு தாமும் புதைந்தவர். உரோமைப் பெண்கள் மானத்துக்கஞ்சித் தம்மை மாய்த்துக்கொண்டதைப் பற்றி எழுத நேர்ந்தபோது புனித அகுஸ்தினார் சிம்சோனையும் நினைக்கிறார். தன்னைக் கொல்வதும் கொலையே என்பதில் அவர் உறுதியானவர். எனவே சிம்சோனுக்குத் தூய ஆவியார் மறைவாகக் கட்டளையிட்டிருக்க வேண்டும் என்று கூறி அவரை விலக்களித்து விடுகிறார். மேதையான அகுஸ்தினாருக்கே ஒரு விதிவிலக்கு தேவைப்பட்டது என்பதை நான் ஆறுதலோடு குறித்துக்கொள்கிறேன்.

செரிசாவாவை எலயாசரின் அருகில் நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகிறது. யானையைக் குத்தினால் அது தம்மேல் விழும் என்பது எலயாசருக்குத் தெரியும். ஆனால் அவர் நாடியது யானையின் சாவை, தம் சாவையன்று. அறநூலார் இருவிளைவு என்று குறிப்பிடுவது இதைத்தான்: நல்லதொன்றை நாடிச் செய்யும் செயலில், நாடாத தீங்கொன்று உடன் வருதல். செரிசாவாவின் நிலை அவ்வாறன்று. கருவி இயங்கத் தொடங்கிவிட்டது, விலங்கு சாகிறது, அவரோடு இறங்கிய ஒகாட்டா பத்திரமாக மேலே இழுக்கப்படுகிறார். செரிசாவாவும் ஏறியிருக்கலாம். கோஜிராவைக் கொல்ல அவர் சாக வேண்டியதில்லை. தம் அறிவைக் கொல்லவே அவர் சாகிறார். கயிற்றை அறுத்த கை, சாவை விரும்பித் தேர்ந்த கைதான். என் முன் எழுந்து நின்ற இளைஞரின் கேள்வி அந்த அளவில் சரியானது. உயிர் நம் உடைமையன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்னும் திருச்சபையின் போதனையை இப்படத்துக்காக நாம் வளைக்க வேண்டியதில்லை.

அப்பெண்ணின் சொல்லும் என்னை விடவில்லை. செரிசாவா தம் துயரத்திலிருந்து ஓடுபவர் அல்லர். தம்மைப் பிறர் கைக்கருவியாக்கிவிடுவார்களோ என்று அஞ்சுபவர். அந்த அச்சம் வீணானதா? 1945-க்கும் 1954-க்கும் இடையே ஜப்பானியர் கண்டது என்ன? ஒரு குண்டு, மறுகுண்டு, பின் ஆயிரம் மடங்கு பெருங்குண்டு. கண்டுபிடித்தவர்களுள் பலர் மனச்சான்று உள்ளவர்களே. ஆனால் அவர்கள் கையிலிருந்து பொருள் போனபின் மனச்சான்றைக் கேட்பார் இல்லை. தம்மையும் உலகையும் நம்ப முடியாத ஒருவர், நம்பத்தகுந்த ஒரே காவலாகச் சாவைத் தேர்கிறார். நம்பிக்கையின்மை தவறே. அதை அவருள் விதைத்தவர்களின் கணக்கையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்?

அவரது எண்ணத்தில் ஓட்டை ஒன்று இருப்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தலையில் தோன்றியது இன்னொரு தலையிலும் தோன்றும். இயற்கையின் இரகசியம் எவருக்கும் தனிச்சொத்தன்று. அவருடைய ஆய்வு பற்றி ஒரு ஜெர்மானியர் சொன்னதாக ஒரு செய்தியாளர் அவரைத் துளைக்க வருவதைப் படமே காட்டுகிறது. அறிந்தவன் இறந்தால் அறிவும் இறக்கும் என்பது உண்மையானால், தாளைத் தீயிலிட்டுத் தலையைக் கடலிலிட்டால் போதும். உண்மையில் அபாயம் இருப்பது அறிவில் அன்று, அதை அவாவும் நெஞ்சங்களில். அந்நெஞ்சங்கள் கப்பலின் மேல்தளத்தில் உயிரோடு நிற்கின்றன.

இவ்விடத்தில் யோசேப் ரோட்பிளாட் என்னும் விஞ்ஞானியை நினைக்காதிருக்க முடியவில்லை. போலந்தில் பிறந்த யூதர். அணுகுண்டு தயாரித்த அமெரிக்கத் திட்டத்தில் சேர்ந்தவர்; ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்று தெரிந்ததும் 1944-இன் இறுதியில் மனச்சான்றின் குரலுக்குச் செவிசாய்த்து வெளியேறியவர். அவர் தலையிலும் ஏடுகள் எரியாமல்தான் இருந்தன. அவற்றோடு அவர் மேலும் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். கதிரியக்கத்தை நோய் தீர்க்கும் பணிக்குத் திருப்பினார். அணு ஆயுதங்களுக்கு எதிராக விஞ்ஞானிகளை ஒன்றுதிரட்டினார். 1995-இல் அமைதிக்கான நோபெல் பரிசு அவருக்கும் அவர் வளர்த்த பக்வாஷ் அமைப்புக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர் குண்டுகளை ஒழித்துவிடவில்லை என்பது உண்மையே. ஆயினும் தம்மை அஞ்சி அவர் தம்மை அழித்துக்கொள்ளவில்லை. தம்மைப் போன்றோரைத் தேடிச் சென்றார். செரிசாவாவுக்கு அமையாமற் போனது அந்தக் கூட்டுறவே. நிலவறையில் ஒருவர் தனியே சுமந்த பாரத்தைப் பலர் சேர்ந்து சுமந்திருந்தால் கயிறு அறுந்திருக்காதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

படத்தில் ஓடும் இரயில்பெட்டியில் ஒரு காட்சி வருகிறது. அரை நிமிடக் காட்சிதான். நாளிதழ் விரித்த பயணிகளோடு ஓர் இளம்பெண் பேசிக்கொண்டு வருகிறாள். நச்சு மீன், நச்சு மழை, இப்போது கோஜிரா. நாகசாகியில் அரும்பாடுபட்டுத் தப்பிய உயிர், இதற்குமா இரையாக வேண்டும் என்று அலுத்துக்கொள்கிறாள். 1956-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட பதிப்பில், ஓர் அமெரிக்கச் செய்தியாளர் பாத்திரம் புதிதாய் நுழைக்கப்பட்டது. நாகசாகி பற்றிய இப்பேச்சு இடம்பெறவில்லை. உலகின் பெரும்பகுதி பல்லாண்டுகள் பார்த்தது அப்பதிப்பையே.

நாகசாகி என்ற பெயரைக் கத்தோலிக்கர் நாம் எளிதில் கடந்துவிட இயலாது. 1945 ஆகஸ்டு 9 அன்று முற்பகல் 11 மணி 2 நிமிடத்திற்கு வெடித்த குண்டு, உராகாமி பேராலயத்திலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவில் வெடித்தது. விண்ணேற்பு விழாவுக்கு ஆயத்தமாக ஒப்புரவுக்கு வந்திருந்தோரும் குருக்களும் அங்கேயே மாண்டனர். இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் குருக்களின்றி ஒளிந்திருந்தே விசுவாசத்தைக் காத்த குலத்தின் வழித்தோன்றல்கள் அவர்கள். அப்பங்கின் 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர் என்பர். அப்பங்கைச் சேர்ந்தவர்தான் மருத்துவர் பவுல் தாகாஷி நாகாய். கதிரியக்க மருத்துவத்தில் பல்லாண்டுகள் உழைத்ததால், குண்டு விழுவதற்கு இரு மாதங்கள் முன்னரே இரத்தப் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. குண்டு அவர் மனைவி மிதோரியைப் பறித்தது. வீடிருந்த இடத்தின் சாம்பலில் மனைவியின் எலும்புகளையும், உருகிய செபமாலையையும் அவர் கண்டெடுத்தார்.

அறிவியல் அவருக்கு நோயைத் தந்தது; அறிவியல் அவர் இல்லத்தைச் சாம்பலாக்கியது. அவரோ அறிவியலைச் சபிக்கவில்லை. அணுவின் ஆற்றல் ஒருநாள் மானிடர்க்கு நன்மை பயக்கும் என்றுகூட நம்பினார். இரண்டு பாய் அகலமுள்ள ஒரு குடிலில் படுத்த படுக்கையாய்க் கிடந்தபடி நூல்கள் எழுதினார். பிறரைத் தன்னைப்போல் நேசிக்கும் கட்டளையை நினைவூட்டும் ஒரு பெயரை அக்குடிலுக்கு இட்டார். 1951 மே 1 அன்று, 43-ஆம் வயதில் இறந்தார். அவர் கருத்துகள் அனைத்தையும் நான் ஏற்பவனல்லன். உராகாமியில் இறந்தோரை இறைவனுக்கு உகந்த எரிபலி என்று 1945 நவம்பரில் அவர் ஆற்றிய இரங்கலுரை, எய்தவரின் பொறுப்பை மறைத்துவிடுகிறது என்று ஜப்பானியக் கத்தோலிக்கருள்ளேயே பலர் வருந்தினர். 1981 பெப்ருவரியில் ஹிரோஷிமாவுக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், போர் மனிதரின் செயல் என்று வெளிப்படையாக உரைத்தபோது, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதாக உணர்ந்த நாகசாகி மக்கள் உண்டு. 2019 நவம்பரில் அங்கு சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் இன்னும் ஒரு படி சென்று, அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமன்று, வைத்திருப்பதே அறநெறிக்கு முரணானது என்றார். செரிசாவா தம் நிலவறையில் வைத்திருந்ததும் அத்தகையதே. வைத்திருப்பதே தாங்க முடியாததாய் அவருக்குப்பட்டது.

நாகாயும் செரிசாவாவும், ஒருவர் வாழ்ந்த மனிதர், மற்றவர் வரைந்த மனிதர். இருவரும் விஞ்ஞானிகள், இருவரும் தாம் கையாண்ட பொருளால் காயப்பட்டவர்கள். ஒருவர் அந்தக் காயத்தோடு பல ஆண்டுகள் படுத்திருந்தார். பிள்ளைகளோடு பேசினார், கடிதங்களுக்கு மறுமொழி எழுதினார், வந்தவரை வரவேற்றார். மற்றவர் ஒரு நொடியில் கதவைச் சாத்திக்கொண்டார். நாகாயின் வழியே மேலானது என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஆனால் நாகாயைச் சுற்றி ஒரு பங்கு இருந்தது. இடிபாட்டில் புதைந்த பேராலய மணியைத் தோண்டியெடுத்து, அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவில் ஒலிக்கச் செய்த மக்கள் இருந்தனர். நொறுங்கிப்போன மற்ற மணிக்கு ஈடாக ஒரு புதிய மணி, எண்பது ஆண்டுகளுக்குப்பின், அமெரிக்கக் கத்தோலிக்கரின் காணிக்கையாய் வந்து சேர்ந்தது. குண்டுத் திட்டத்தில் மருத்துவராய்ப் பணியாற்றிய ஒருவரின் பேரன் முன்னின்று திரட்டிய காணிக்கை அது. 2025 ஆகஸ்டு 9 அன்று 11 மணி 2 நிமிடத்திற்கு இரு மணிகளும் சேர்ந்து ஒலித்தன. செரிசாவாவின் நிலவறைக்குள் எந்த மணியோசையும் எட்டவில்லை. மாணவியரின் பாட்டு மட்டும், அதுவும் கடைசி நாளில், எட்டியது.

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தம்மை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. நம் பங்குகளில் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே குழி வெட்டப்பட்டதை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். 1983-ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பில் அத்தடை இல்லை. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், செயலின் கொடுமையைக் குறைக்காமலே, கடும் மனவேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் என்கிறது. அவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது, இறைவன் தமக்கே தெரிந்த வழிகளில் மனம்வருந்த வாய்ப்பளிக்கக் கூடும் என்கிறது. அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்றும் சொல்கிறது. செயல் வேறு, செய்தவர் வேறு. செயலை நாம் எடைபோடலாம். கயிற்றை அறுத்த நொடிக்கும் மூச்சு நின்ற நொடிக்கும் இடையில் அந்த நெஞ்சில் நிகழ்ந்ததை எடைபோடும் தராசு நம்மிடம் இல்லை.

இதை அன்றே நான் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் சோம்பல் மட்டுமே. கேட்டவரின் தமையன் எவ்வாறு இறந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. பல மாதங்கள் கழித்து வேறொருவர் வாயிலாகத் தெரியவந்தது. கதைமாந்தருக்குப் பாவபுண்ணியம் இல்லை என்று நான் சொன்னபோது அவர் தலைகுனிந்து அமர்ந்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

அவ்வாண்டு நவம்பர் 2 அன்று, இறந்தோர் நினைவுநாள் திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மக்கள் பூவும் மெழுகுதிரியுமாய்ப் பரவியிருந்தனர். மதிலோரத்தில், மதிலுக்கு உட்புறமாக, ஒரு சிறிய கல்லறையின் முன் அவர் குந்தியிருந்தார். காற்று பலமாய் வீசியதால் ஏற்றிய திரி அணைந்துகொண்டே இருந்தது. நான் போய் அருகில் அமர்ந்தேன். எதுவும் பேசவில்லை. அவர் தீக்குச்சியை உரசும்போது, காற்றுப் புகாதபடி இரு கைகளையும் குவித்துப் பிடித்துக்கொண்டேன்.